தங்கை பெயர் போன ஊர்கள்

நோலீனின் தங்கை பெயரை இந்தக் கதையில் எங்கேயும் சொல்லப்போவதில்லை. அவள் இறந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஆர்னம் லாண்ட் கடற்கரையில், இறந்துபோனவர் பெயரைச் சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்க்கிறவர் போய்ச்சேர மாட்டார். அதனால் பெரியவர்கள் போதும் என்று சொல்லும்வரை, அதற்குச் சில வருடங்கள்கூட ஆகலாம், வாயை மூடிக்கொள்வோம். சுவரில் இருக்கும் அவர் படத்தின்மேல் காகிதம் ஒட்டுவோம். அதே பெயர் வைத்த கடைக்காரி மகளை இப்போது 'பேரில்லாதவள்' என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தப் பிள்ளையும் பழகிவிட்டது.

இதெல்லாம் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்த நோலீன்தான் அந்தப் பெயரைக் கொண்டுபோய் உலகம் முழுக்க விதைத்தாள்.

நோலீனுக்குப் பள்ளிக்கூடத்து மொழி அறையில் வேலை. பிள்ளைகளுக்கு எங்கள் மொழியில் புத்தகம் தயாரிப்பாள். எங்கள் எழுத்துகள் சிலவற்றுக்கு அடியில் கோடு உண்டு, ஒன்றுக்கு வால் உண்டு. பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் இணையத்தில் எங்கள் மொழியை எழுதினால் பாதி எழுத்து கட்டம் கட்டமாக வரும். மீதிப் பாதியில் கோடு பக்கத்து எழுத்தின் காலில் போய் மாட்டிக்கொள்ளும். யாரிடம் சண்டை போட்டால் இது சரியாகும் என்று தேடப்போனவள், அந்தக் குழுவில் போய் விழுந்தாள்.

எந்த மொழியில் எழுதினாலும் இணையப் பக்கம் ஒழுங்காகத் தெரியவேண்டும் என்பதற்கு விதி எழுதுகிற தன்னார்வலர்கள் அவர்கள். பத்துப் பதினைந்து பேர், பத்துப் பதினைந்து நாடு. கூலி கிடையாது, நன்றி கிடையாது, சண்டை மட்டும் நிறைய. வாரம் ஒருநாள் காலை எட்டு மணிக்குக் கணினி வழியாகக் கூடுவார்கள். நோலீன் தேநீரும் தணலில் சுட்ட ரொட்டியுமாக உட்கார்ந்து விடுவாள்.

சேர்ந்த புதிதில் அவளிடம் ஒரு சோதனைப் பக்கம் கேட்டார்கள். கஷ்டமான எழுத்தெல்லாம் வருகிற ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால் போதும். இணையம் காட்டும் மென்பொருள் செய்கிற ஒவ்வொரு நிறுவனமும் அந்தப் பக்கத்தைத் திறந்து, எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளும். அன்றைக்குத் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பாய்க்குத் தாழை ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள்.

"என் பேரையே போடுக்கா. உன் கோடு, வால் எல்லாம் அதுல இருக்கு. நான் டார்வின் டவுனைத் தாண்டிப் போனதில்ல. என் பேராவது நாலு ஊரு பாக்கட்டும்."

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வாசலில் மீன்வலை பிரித்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்கினார். "நாளைக்கு இவ போயிட்டா அதை எந்தக் காகிதத்தால மூடுவே?"

"ஒரே ஒரு சொல்லு மாமா. மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் நோலீன்.

"மாமா என்னைச் சீக்கிரம் அனுப்பப் பாக்கறாரு" என்று தங்கை சிரித்தாள். அவளுக்கு அப்போது வயது இருபத்தெட்டு.

நோலீன் போட்டாள். எழுத்துகள் சரியாகின. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செல்போனில் எங்கள் மொழியில் வம்பளக்க ஆரம்பித்தார்கள். நாலைந்து வருடம் கழித்து யாரோ புதிதாக வந்தவன் பழைய சோதனைகளைத் திருத்தவேண்டும் என்றான். நோலீன் விடவில்லை. "இன்னைக்கு ஒண்ணை மாத்துவே, நாளைக்கு இன்னொண்ணு. சின்ன மொழிக்காரங்க சோதனைதான் முதல்ல காணாமப்போகும். ஏத்துக்கிட்டதைத் தொடாதே" என்று மூன்று மாதம் மல்லுக்கட்டி அதை விதியாகவே எழுதவைத்தாள். அப்படியும் மாற்றியாகவேண்டும் என்றால், மாற்றவேண்டிய சொல்லை அப்படியே எழுதிக்காட்டிக் காரணமும் சொல்லவேண்டும். குழுவில் அதற்கு நோலீன் விதி என்றே பெயர். அவளுக்கு அதில் ஏக பெருமை.

தங்கை சிறுநீரகம் கெட்டுச் செத்தாள். நாற்பத்தொன்று. சடங்கு முடிந்தது. வீட்டில் இலைப் புகை போட்டு அறை அறையாக அவளை வழியனுப்பினார்கள். மறுவாரம் நோலீன், இத்தனை நாள் வராததற்குக் காரணம் சொல்லிவிடலாம் என்று, கூட்டத்தில் உட்கார்ந்தாள். காதில் மாட்டும் கருவியை நாய் கடித்துப்போட்டிருந்தது. சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

நோலீன் வாயைத் திறப்பதற்குள், கூட்டத்தை நடத்துகிற பின்லாந்துக்காரி பிர்க்கோ அன்றைக்குப் பார்க்கவேண்டிய சோதனைகளின் பட்டியலை வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தக் குழுவில் சோதனைகளை அவற்றில் வரும் சொல்லை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். பதின்மூன்று வருடமாக அப்படித்தான். பிர்க்கோ தங்கையின் பெயரைச் சொன்னாள். தெளிவாக, நல்ல உச்சரிப்போடு. நோலீன் சொல்லிக்கொடுத்த உச்சரிப்புதான்.

அடுப்பு மேடையில் அம்மாவின் கையிலிருந்த பால்பொடி டப்பா விழுந்தது.

"யாரு அவளைக் கூப்பிடறது?" என்றாள் அம்மா.

நோலீன் கணினியை மூடினாள். வெளியே கம்பிவலைக் கதவு ஒருமுறை அடித்துக்கொண்டது. காற்றாக இருக்கலாம். ஆனால் அசையாமல் படுத்திருந்த மூன்று நாய்களும் எழுந்து கதவைப் பார்த்தன. அந்நியர் நிழல் விழுந்தாலே ஊரைக் கூட்டுகிற நாய்கள் குரைக்கவில்லை. வாலை ஆட்டின. தங்கைதான் அவற்றுக்குச் சோறு வைத்தவள்.

அதற்குப் பிறகு அது தினப்படி ஆகிவிட்டது. கதவு அடிக்கும், நாய்கள் வாலை ஆட்டும். அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்காருவாள். சாப்பாடு குறைந்தது. நோலீனுக்குப் பயம், அதைவிட வெட்கம். மாமா வந்து ஒருநாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து பார்த்தார்.

"புகை போட்டது சரியாத்தான் போட்டோம். இவ போகல. எத்தனை இடத்துல கூப்பிடறாங்க?"

நோலீன் ஜப்பானில் இருக்கிற டகெஹிரோவைக் கேட்டாள். குழுவில் சோதனைகளைக் கவனிப்பவன், அதிகம் பேசாதவன். "ஆளுங்க கொஞ்சம்தான். மெஷினுங்கதான் அந்தப் பக்கத்தைத் திறந்துகிட்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை இருக்கும்" என்றான்.

அவள் அதை மாமாவிடம் சொன்னாள்.

"மெஷின் கூப்பிட்டாலும் பேரு பேருதானே. பாவம், எந்தப் பக்கம்னு திரும்புவா?"

அடுத்த கூட்டத்தில் நோலீன் விஷயத்தைச் சொன்னாள். பிர்க்கோ தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மாத்திடலாம் நோலீன். ஆனா எந்தச் சொல்லுன்னு நீ எழுதிக் கொடுக்கணும். விதி அப்படி இருக்கு."

"என்னால அதை எழுத முடியாது."

"அது உன் விதிதானே?"

"ஆமா. என் விதிதான்." தன் கையால் வெட்டிய குழி என்பார்களே, அதற்குள் நின்றுகொண்டு அவள் பேசினாள்.

டகெஹிரோ குறுக்கே வந்தான். "நான் எழுதறேன். காரணமும் என் பேர்லயே போடறேன். எங்கெங்க நகல் இருக்கோ அங்கெல்லாம் நானே கேக்கறேன். நீ தேடவேண்டாம். தேடணும்னா பேரைத் தட்டணுமில்ல. திங்கக்கிழமை ஆனா உனக்கு எண்ணிக்கை மட்டும் அனுப்பறேன், இன்னும் எத்தனை இடம்னு."

முதல் திங்கள் நானூற்றுப் பதினேழு. அடுத்தது இருநூற்று அறுபது. எண்பத்தெட்டு. பத்தொன்பது. ஒவ்வொரு எண்ணையும் நோலீன் அம்மாவிடம் சொல்வாள். எண் குறையக் குறையக் கதவு அடிப்பதும் குறைந்தது. அம்மா ஒரு கோப்பைத் தேநீர் முழுதாகக் குடித்தாள். அடுத்த திங்கள் மூன்று. அப்புறம் ஒன்று.

அந்த ஒன்று நகரவில்லை. அடுத்த திங்களும் ஒன்று, அதற்கடுத்ததும் ஒன்று. மாலையானால் கதவு ஒரே ஒரு முறை அடித்தது.

"அது எங்கே இருக்கு?" என்று நோலீன் டகெஹிரோவைக் கேட்டு எழுதினாள்.

"உன்கிட்டதான்" என்று பதில் வந்தது. "நீ முதல்முதலா அனுப்பின கடிதம், குழுவோட பழைய கடிதக் கிடங்குல இருக்கு. எழுதினவங்களே திறந்து, இது என்னுதுன்னு படிச்சுப் பாத்து எடுத்தாத்தான் உண்டு. வேற யாரும் தொட முடியாது. மன்னிச்சுக்கோ."

நோலீன் இரண்டு நாள் கணினிப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் மாமாவை வரச்சொன்னாள். படங்களை மூடுகிற பழுப்புக் காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்துவைத்துக்கொண்டாள். மாமா கணினிக்கு எதிரே நின்று, நோலீன் கண்ணை மூடியிருக்க, கடிதத்தில் பெயர் இருந்த இடத்தையெல்லாம் பார்த்துத் திரையில் காகிதம் ஒட்டினார். நாலு இடம்.

"இப்போ படி" என்றார்.

காகிதங்களுக்கு இடையே தங்கை இருந்தாள். அவள் ஓலை கிழித்தபடி சொன்னதை நோலீன் அன்றைக்கு வேடிக்கையாக அப்படியே எழுதியிருந்தாள். டார்வினைத் தாண்டிப் போகாதவள், பெயராவது நாலு ஊர் பார்க்கட்டும் என்கிறாள், நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நோலீன் கடைசி வரிவரை படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். மாமா அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் அழிக்கிற பொத்தானை அழுத்தினாள். திரை வெறுமையாகி, அதன்மேல் நாலு பழுப்புத் துண்டுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை டகெஹிரோவின் செய்தியில் பூஜ்யம் மட்டும் இருந்தது.

"போயிட்டாளா?" என்று கேட்டாள் அம்மா.

"போயிட்டாம்மா."

அம்மா தலையை ஆட்டிவிட்டு, இவ்வளவு நாள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவள், கதவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டாள். நோலீனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. எந்த ஊரிலும், எந்த மெஷினிலும், இனி யாரும் அவள் தங்கையைக் கூப்பிடமாட்டார்கள். அவளாலும் கூப்பிடமுடியாது.

மாலையில் அவள் நாய்களுக்குச் சோறு வைத்துவிட்டு அவற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கடல்காற்றில் கம்பிவலைக் கதவு ஒருமுறை அடித்துக்கொண்டது. நோலீன் சட்டென்று நாய்களைப் பார்த்தாள். ஒரு வாலாவது ஆடாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.