பிரித்துத் தைத்த தழும்பு

எங்கள் தெருவில் துணிகளைப் பிரித்து அளவு மாற்றித் தைத்துக் கொடுக்கும் அக்கா என்னைத் தேடி வந்தபோது, வழக்குப் போடுவதற்கான இரண்டு வருடக் கெடுவில் பதினாறு நாள்தான் பாக்கி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இவ்வளவு நாள் என்னக்கா பண்ணிட்டிருந்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

"எனக்குப் பைத்தியமோன்னு யோசிச்சிட்டிருந்தேன் வக்கீலம்மா" என்றார்.

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன். அன்றிலிருந்து வயிற்றில் வலி; மெஷின் முன்னால் அரைமணி நேரம் உட்கார முடியாது. எல்லாம் மனப்பிரமை என்று ஆஸ்பத்திரி கையை விரித்துவிட்டது. கட்டிய புருஷனும் அதையே நம்பினார்.

அக்கா ஆஸ்பத்திரியில் எழுதிக் கேட்டு வாங்கியிருந்த கேஸ் ஷீட்டின், அதாவது சிகிச்சைப் பதிவின், நகலைப் புரட்டினேன். ஒரே ஆபரேஷன், ஒரு குறையும் இல்லை. வேறொரு டாக்டரின் கருத்து இல்லாமல் வழக்கு நிற்காது, மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுத்தாலும் இதே கதைதான் என்று சட்டம் பேசினேன்.

அக்கா எழுந்து கதவைச் சாத்திவிட்டுத் தழும்பைக் காட்டினார்.

"ஊசி போன தடம் தெரியுதா? அளந்து வெச்ச மாதிரி ஒரு வரிசை. இது பழகின கை. அதுக்குப் பக்கத்துலயே கோணல்மாணலா இன்னொரு வரிசை. இது அவசரத்துல போட்டது. தைச்சதைப் பிரிச்சாலும் ஓட்டை போகாது வக்கீலம்மா. ஆபரேஷன் முடிஞ்சு நான் ஐசியூல மயக்கமா கிடந்த நாலு நாள்ல யாரோ என்னை மறுபடியும் திறந்திருக்காங்க."

இருபது வருடமாகக் காகிதத்தை மட்டுமே படித்தவள் நான். இந்த மனுஷி தன் உடம்பையே படித்துவிட்டு வந்திருந்தார்.

பதினான்காம் நாள் நுகர்வோர் மன்றத்தில் மனு கொடுத்தோம். மன்றம் நியமித்த மூத்த மருத்துவர் அக்காவைப் பரிசோதித்தார். விசாரணையில் அவர், "ரெண்டு தடவை திறந்திருக்காங்க" என்றார். நான் உடனே நஷ்டஈட்டுக்குத் தாவினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஐயா, எதுக்குத் திறந்தாங்க? அதை மட்டும் சொல்லச் சொல்லுங்க."

மன்றத் தலைவர் கேட்டார். ஆபரேஷன் செய்த டாக்டர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார்.

"உள்ள பஞ்சு விட்டுப்போச்சு. எடுக்கிறப்ப குடல்ல கீறல் விழுந்துச்சு. எதையும் எழுதல."

அக்கா பின்வரிசையில் இருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலை கவிழ்ந்திருந்தது.

"நிமிந்து பாருங்க" என்றார் அக்கா. "எனக்கு நிஜமாவே வலிக்குது."