தவுனோ புரட்டாத அத்தியாயம்

ரைலி கெம்ப்பைனன் எங்கள் நூலகப் பேருந்தில் புத்தகம் கொடுப்பவள். நான் அதன் ஓட்டுநர். பின்லாந்தின் கிழக்குக் காட்டுக்குள் ஒவ்வொரு வீட்டு வாசலாக நிறுத்திப் போவோம். ரைலி பிடிவாதக்காரி. கேட்ட புத்தகத்தைக் கொடுக்க மாட்டாள். ஆளைப் பார்த்துத் தனக்குத் தோன்றியதைக் கொடுப்பாள். அவள்மேல் புகார் போனதும் உண்டு.

வழியில் ஒரு வீட்டுக்காரனான தவுனோவிடம் மட்டும் அவள் ஜம்பம் பலிக்கவில்லை. ரிசர்வ் படையில் அவன் சார்ஜென்ட். போர்த்தந்திரம், குத்துச்சண்டை, ஜூடோ என்று எதையும் விடமாட்டான். என் பிளாஸ்க் காபியைக் குடித்துக்கொண்டே முற்றுகையைப் பற்றி எனக்கே பாடம் எடுப்பான். பின்வாங்குவதைப் பற்றிய அத்தியாயம் வந்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுவான். அது கோழைகளுக்கு எழுதியது என்பான். மனைவி ஹில்க்காவை அடிக்க அவனுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை. அது வழி நெடுகத் தெரிந்த விஷயம்.

ஒருநாள் ஹில்க்கா தனியாக வந்து, தற்காப்புக்கு நல்ல புத்தகம் எது என்று கேட்டாள். ரைலி படம் போட்ட ஜூடோ புத்தகத்தைக் கொடுத்தாள். ஹில்க்கா புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"படத்துல ரெண்டு பேரும் ஒரே உசரமா இருக்காங்களே, ரைலி."

ரைலி அதை வாங்கி அலமாரியில் செருகினாள். பிறகு, தவுனோ அடிக்கடி எடுத்துப்போகும் தடித்த போர்நூலை இறக்கி, அதன் கடைசி அத்தியாயத்தைப் பிரித்து வைத்தாள். படைக்கு மிகக் கடினமான வேலை பின்வாங்குவதுதான் என்றது அது. சாமான்கள் முதலில், கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். வழக்கம் எதுவும் மாறக் கூடாது. கடைசி ஆள் கிளம்பும்போதும் பாசறையில் அடுப்பு எரிய வேண்டும்.

"இங்கயே ஒக்காந்து படி. வீட்டுக்கு வேணாம்."

அதன்பின் ஹில்க்கா திருப்பித் தரும் புத்தகப் பை வரவரக் கனத்தது. மேலே புத்தகம், அடியில் கம்பளிச் சட்டையும் குளிர்காலப் பூட்ஸும். ரைலி அவற்றைச் சிறுவர் நூல் அலமாரிக்கு அடியில் ஒளித்து வைத்தாள். ஒருமுறை தவுனோவே பெரிய மனது பண்ணிப் பையைத் தூக்கிவந்தான்.

"என்ன ரைலி, இவ கல்லையா படிக்கிறா?"

"உங்க வீட்டுக்காரியாச்சே. கெட்டி அட்டை போட்டதாத்தான் எடுக்குறா."

அவன் சிரித்தபடி பையைத் தானே அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனான்.

மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, சவுனா என்கிற நீராவிக் குளியல் நாள். தவுனோ முற்றத்தின் மறுகோடியில் விறகு பிளந்துகொண்டிருந்தான். ஹில்க்கா முற்றத்துச் சவுனாக் குடிசையின் அடுப்பை மூட்டிவிட்டு, வழக்கம்போல் பையோடு பேருந்தில் ஏறினாள். ரைலி கதவைச் சாத்தினாள். நான் வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால், அவன் நிமிர்ந்து புகைபோக்கியில் புகை வருவதைப் பார்த்துவிட்டு மறுபடி கோடரியை ஓங்கினான்.

ரயில் நிலையத்தில் ஹில்க்கா அழவில்லை. ரைலிதான் அழுதாள்.

அடுத்த நடையில் தவுனோ ஏறிவந்து, ஹில்க்கா எங்கே என்று கேட்டான். ரைலி தெரியாது என்று சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றாள். நான் டயர் கழற்றும் கம்பியோடு அவள் பக்கத்தில் போய் நின்றேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத தற்காப்பு அது. ரைலி அந்தத் தடித்த நூலை எடுத்து அவன்முன் வைத்தாள்.

"இந்தத் தடவ கடைசி அத்தியாயத்தையும் படிங்க."

நின்றபடியே படித்தான். பாதிப் பக்கத்தில் அவன் விரல் நின்றது. தலையைத் தூக்கி, ஜன்னல் வழியே தன் வீட்டுச் சவுனாவைப் பார்த்தான். புகைபோக்கியில் புகை இல்லை.