ரீசெட்டை அமுக்கிவிட்டு

ஒசாகாவில் பழைய வீடியோ கேம்களைப் பழுது பார்க்கும் குரமோச்சிக்கு ஐம்பத்தெட்டு வயது. வாடிக்கையாளர் கதை சொல்ல ஆரம்பித்தால் காதில் வாங்கவே மாட்டார். கல்நெஞ்சக்காரர் என்று தெருவில் பேச்சு. அப்படியொன்றும் இல்லை, கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு மழைநாள் காலையில் மித்சுவே என்ற எழுபது வயது அம்மாள் படியேறி வந்தார். முதல் வேலையாகக் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவர் கையில் திணித்தார். அந்த ஊர்ப் பெண்கள் அதைக் கொடுக்காமல் பேச்சையே தொடங்குவதில்லை. பிறகு ஒரு கேம் கேசட்டை மேசையில் வைத்தார். விண்வெளிக் கப்பலில் பூமிக்குத் திரும்பும் ஆட்டம். ஜப்பானைத் தாண்டி எங்கும் விற்காதது.

"வீட்டுக்காரர் போய் நாப்பத்தொம்பதாம் நாள் காரியமும் முடிஞ்சுது தம்பி. இருபது வருஷம் இதைத்தான் கட்டிக்கிட்டு அழுதார். அவர் ஆடி வெச்சது அழிஞ்சிடாம பாத்துக் குடு."

அதை நினைவில் வைத்திருப்பது கேசட்டுக்குள் இருக்கும் சின்ன பேட்டரிதான். அது சாகக் கிடந்தது. மாற்றும்போது மின்சாரம் ஒரு நொடி விட்டுப்போனாலும் எல்லாம் போச்சு.

"உத்தரவாதம் கிடையாதும்மா" என்ற குரமோச்சி, வேறொரு பேட்டரியிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே புதியதைப் பொருத்தினார்.

டிவியில் ஆட்டம் வந்தது. கப்பல் தலைவர்: மித்சுவே. எடுபிடி: கென்கிச்சி.

"என் பேரா? அவர் எடுபிடியா? வீட்டுல 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவார். என் பேர் ஞாபகம் இருக்கான்னே எனக்குச் சந்தேகம்."

"இருபது வருஷம்னீங்க. கப்பல் இன்னும் முதல் கிரகத்தைக்கூடத் தாண்டலையே" என்றார் குரமோச்சி. "ரீசெட்டை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு அணைக்கலேன்னா சில சமயம் அழிஞ்சிடும். மறந்துடுவாரோ?"

"அவரா மறப்பார்? சோறு ஆறுதேன்னு நான்தான் பட்டுன்னு அணைப்பேன். 'ரீசெட்டு, ரீசெட்டு!'ன்னு கத்துவார். என்னடா அதிகாரம்னு வேணும்னே அமுக்க மாட்டேன்."

"அழிஞ்சா மொதல்லேருந்து ஆடணும். ஒவ்வொரு தடவையும் ஆரம்பிச்சதும் கேக்குறது தலைவர் பேருதான்" என்றார் குரமோச்சி. யாரும் கேட்காமல் அவர் இவ்வளவு பேசியதே அதிகம்.

மித்சுவே அழவில்லை. அணைக்கப் போன குரமோச்சியின் கையைத் தட்டிவிட்டார்.

"இரு, நான் பண்றேன்."

கட்டைவிரலை ரீசெட்டில் வைத்து நகம் வெளுக்க அமுக்கினார்.

"அமுக்கிட்டேன், கென்கிச்சி" என்று சொல்லிவிட்டு அணைத்தார்.