அரியலூரிலிருந்து வந்த சுறாப் பல்

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சத்திரத்துக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். செல்வராசு... என்னோடு பள்ளியில் படித்தவன். முப்பது வருடமாக போர்வெல் ரிக்கில் டிரில்லர். ஊர் ஊராகப் போய் பூமியைத் துளைத்தவன், சொந்த வீட்டு வாசலில் செருப்பு மாட்டக் குனிந்தபோது மாரடைப்பில் போய்விட்டான்.

பள்ளியில் நான் முதல் பெஞ்ச், அவன் கடைசி. ஆனால் கல்லைப் படிக்கத் தெரிந்தவன் அவன்தான். துளையிலிருந்து பறந்து வரும் பொடியை ஒரு கை அள்ளித் தேய்ப்பான். "இன்னும் ரெண்டு ராடு எறக்குனாத் தண்ணிங்க" என்பான். பெரும்பாலும் வரும்.

போன வருடம் அவன் ஊர் டீக்கடையில் ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டினான். "டேய் எழுத்தாளா, இது என்னன்னு சொல்லு பாக்கலாம்."

சுண்டுவிரல் நகமளவு. பழுப்பு முக்கோணம், எண்ணெய் பூசிய மாதிரி பளபளப்பு. ஓரமெல்லாம் பொடி ரம்பம். அரியலூர்ப் பக்கம் ஒரு காட்டில், ரிக்குக்கு ஜாக்கி ஊன்ற மண் வெட்டும்போது கிடைத்ததாம்.

"சொறாப் பல்லுன்னு தோணுதுடா."

நான் சிரித்தேன். சிரித்ததோடு விட்டிருக்கலாம். விளக்கவும் செய்தேன். பாறை என்பது எலும்புள்ள உயிர்கள் தோன்றுவதற்கெல்லாம் முந்தியது, அதில் பல்லாவது எலும்பாவது... சேலத்துப் பாறையைப் பற்றி எப்போதோ படித்த அரைப் பக்கம். அதை அப்படியே அரியலூருக்கும் நீட்டிவிட்டேன்.

"நாய்ப் பல்லுடா இது. அரியலூருக்குச் சொறா என்ன, பஸ் ஏறியா வந்துச்சு?"

"நாய்ப் பல்லுக்கு ரம்பம் எதுக்குடா?"

நியாயமான கேள்வி. பதில் தெரியாத இடத்தில் நான் இன்னும் சத்தமாகச் சிரிப்பேன். கடையே சேர்ந்து சிரித்தது. அன்றிலிருந்து அவன் தலையைக் கண்டாலே, "ஒதுங்குங்கப்பா, சொறா வருது!" அதற்குப் பிறகு அவன் என்னிடம் ஒரு கல்லைக்கூடக் காட்டவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அரியலூரில் ஒரு கல்யாணம். பந்திக்கு நேரமிருந்ததால் அங்கிருந்த புதைபடிவ அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே பழுப்பு. அதே ரம்பம்.

டைனோசர் காலத்தில் அரியலூர் கடலுக்கடியில் இருந்திருக்கிறது. சுறாவுக்கு எலும்பே கிடையாது; உடம்பைத் தாங்குவது நம் காது மடலில் இருப்பதுபோன்ற குருத்தெலும்பு. செத்தால் அத்தனையும் கரைந்துபோகும், பல் மட்டும் மிஞ்சும். அதுவும் ஆயுள் முழுக்க விழுந்து விழுந்து முளைக்கிற பல். ஊசிப் பல் என்றால் வழுக்கும் மீனைப் பிடித்தது. தட்டைப் பல் சிப்பியை நொறுக்கியது. ரம்பப் பல் சதையை அறுத்தது. இரை மாற மாற, தலைமுறை தலைமுறையாகப் பல்லின் வடிவமும் மாறியிருக்கிறது. அந்தக் கடல் எவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தது என்பதைக்கூட பல்லின் மேல்பூச்சிலிருந்து கண்டுபிடிக்கிறார்கள். ஒரு சமுத்திரமே போய்விட்டது... சாட்சி சொல்ல நகமளவில் ஒன்று நிற்கிறது.

அங்கேயே செல்லை எடுத்தேன். அவன் நம்பர் வரை போனேன். பிறகு பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரியாதையா? நேரில் என்றால் அந்த டீக்கடையில், அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதற்கு வாகான ஒரு நாளை எட்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

துக்க வீட்டில் அவன் மனைவி தங்கமணி அந்தத் தீப்பெட்டியோடு வந்தார்.

"ஏனுங்கண்ணா, நாளைக்கு மோகனூர் ஆத்துக்குப் போறமுங்க. அவரு துணிமணியோட இதையும் உட்டறலாமுங்களா? நாய்ப் பல்ல ஊட்டுல வெச்சிருக்கக் கூடாதுங்கறாங்க எல்லாரும்."

"வேண்டாம்மா. அது... சொறாப் பல்லுதான்."

"நெசமாலுமுங்களா?"

"நெசம். அவன் சொன்னதுதான் சரி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

தங்கமணி தீப்பெட்டியை மூடி, மடியில் வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியுமுங்கண்ணா. மண்ணு விசயத்துல அவரு ஏமாற மாட்டாரு. நீங்க சொன்னதுக்கப்பறம்தான், 'படிச்சவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்'னு உட்டுட்டாரு." பிறகு நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருக்கலாம்.

"எட்டு மாசமாச்சும்மா."

அவர் கோபப்படவில்லை. கணக்குப் பார்ப்பதுபோல விரலை மடக்கினார்.

"அப்ப இருந்தாருங்களேண்ணா..."

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது, சொல்லாமல்தான் எழுந்து போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

சொல்லாமல் இருப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை.