நடுவர் நாற்காலியில் எதிரணிச் சட்டை

பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் ஸ்குவாஷ் போட்டிக்காக என் தங்கை யாழினியைக் கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்கு முதன்முறை அழைத்துப் போனோம், அப்பாவும் நானும். மென்பொருள் சோதனைதான் என் வேலை என்பதால் ஷூ, கண் கவசம், பிறப்புச் சான்றிதழ் என்று பட்டியல் போட்டே கிளம்பினேன். விதிமுறைத் தாளை மட்டும் படிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் அப்பா என் கையைத் தட்டினார். நடுவர் நாற்காலியில் ஒரு சிறுமி இருந்தாள். எதிர்த்து ஆடிய பெண் போட்டிருந்த அதே பயிற்சி மையச் சட்டை.

"இன்னாம்மா இது, அவங்க ஆளையே உக்கார வெச்சிக்கினு? கள்ளக்குறிச்சிதானேன்னு நெனச்சிட்டாங்களா?"

எனக்கும் அதே சந்தேகம். யாழினி அடித்த பந்தை அவள் 'அவுட்' என்றதும் அப்பா எழுந்துவிட்டார்.

"ஏ பாப்பா, கண்ணு தெரியலையா உனுக்கு?"

தலைமை நடுவர் ஓடி வந்தார். "இன்னொரு தடவ கத்துனீங்கன்னா எதிர்ல ஆடுற பொண்ணுக்குப் பாயிண்ட் குடுத்துடுவோம் சார். முந்தின மேட்ச்ல தோத்தவங்க அடுத்த மேட்ச்சுக்கு நடுவர். அந்தப் பொண்ணு தோத்துட்டு வந்து உக்காந்திருக்கு."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாழினி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன்பின் அவள் ஆட்டம் சரிந்தது. தோற்று வெளியே வந்தவள், "அது அவுட்தான்பா, எனக்கே தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"கத்துனாரே, அவரோட பொண்ணுதானே? ஒழுங்கா சொல்லுமா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். நாங்கள் திரும்பவில்லை.

இப்போதெல்லாம் போட்டிக்குப் போகும் பஸ் உளுந்தூர்பேட்டையைத் தாண்டுவதற்குள் விதிமுறைத் தாளை அப்பாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டிவிடுகிறேன். சந்தேகம் எதுவானாலும் ஆட்டம் முடிந்த பிறகு யாழினியிடம் கேட்டுக்கொள்கிறோம்.