நாற்பது பாகைச் சரிவு

என் அத்தான் பேசினால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடும் என்று அக்கா சொல்வாள். கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டு சொன்னாள். போகப் போகச் சிரிக்காமல் சொன்னாள். அக்கா போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அப்படிச் சொல்லவும் அந்த வீட்டில் ஆள் இல்லை.

அத்தானுக்கு ஓய்வு பெறும்வரை ஒரு பெரிய மருத்துவமனையின் கோப்பு அறையில் முப்பத்தோரு வருட வேலை. எந்த நோயாளி எந்த வருடம் எந்தக் காலை உடைத்துக்கொண்டார் என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் கோப்பை எடுத்து நீட்டுவார். கோப்புக்குச் சொந்தக்காரர்கள் ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. அது அவருக்குச் சௌகரியமாகவே இருந்தது.

அக்கா வேறு ரகம். வீட்டை ஒட்டிய கார் ஷெட்டில் கார் நின்றதே கிடையாது. அக்காவின் மரக்கடைசல் லேத்துதான் நின்றது. கட்டையை அதில் மாட்டிச் சுற்றவிட்டு, உளியை வைத்தாள் என்றால் கிண்ணம், தட்டு, விளக்குத் தண்டு எல்லாம் வரும். அவளுடைய மகள் பத்து வயதிலிருந்து பக்கத்தில் நின்று அதைக் கற்றுக்கொண்டாள். அத்தான் சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தட்டிவிட்டுப் போவார். உள்ளே வந்ததில்லை.

அக்கா போனதும் மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போய்விட்டாள். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். வாரத்தில் இரண்டு முறையாவது அத்தானிடமிருந்து போன் வரும்.

"வாஷிங் மெஷின் ஏதோ சத்தம் போடுதும்மா. கொஞ்சம் வந்து பாக்குறியா?"

அடுப்பில் வைத்ததை இறக்கி வைத்துவிட்டு ஓடுவேன். மெஷின் வாயைத் திறக்காது. "இப்ப நின்னுடுச்சு போல," என்பார். மேசையில் இரண்டு கோப்பை டீ ஊற்றி மூடி வைத்திருப்பார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

"இதுக்கு உங்க பொண்ணுக்கு ஒரு போன் போடக் கூடாதா அத்தான்?"

"அவ வேலையில இருப்பா."

"ஞாயித்துக்கிழமைகூடவா?"

"தூங்குவா."

இப்படிப்பட்ட மனுஷர் ஒரு நாள் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தார். மகளே போன் செய்திருக்கிறாள். மூன்று மாதம் கழித்துப் பத்து நாள் லீவில் வருகிறாளாம், அம்மாவின் லேத்தில் வேலை செய்ய வேண்டும் போல இருக்கிறதாம். மூச்சு வாங்க இதைச் சொன்னவர், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"பட்டறை நல்லா இருந்தா, பிடிச்சுப் போயி இங்கயே இருந்துடுவாளோ?"

"கேட்டுத்தான் பாருங்களேன், இருந்துடும்மான்னு."

"அதெப்படிக் கேக்கறது," என்றார்.

கேட்பதற்குப் பதிலாக வேலையில் இறங்கினார். ஷெட்டில் காலை வைக்க முடியாத அளவுக்கு மரத்தூள் கிடந்தது. அத்தனையையும் வாரிக் கொட்டினார். காய்ந்த கட்டை ஒரு தட்டில், காயாத கட்டை ஒரு தட்டில், ஒவ்வொன்றிலும் சீட்டு. உப்புத்தாளைச் சொரசொரப்பின் வரிசையில் பெட்டி பெட்டியாக அடுக்கினார். கோப்பு அறை மறுபடி உயிரோடு எழுந்து வந்த மாதிரி இருந்தது.

இதற்கெல்லாம் மகுடம் சாணை மேசை. சாணை பிடிக்கும் கிரைண்டரை அக்கா ஒரு ஸ்டூலில் வைத்துக் குனிந்து நின்றுதான் உபயோகிப்பாள். அத்தான் கனமான மேசை ஒன்றை முழங்கை உயரத்துக்குச் செய்து, அதிர்வு தெரியாமல் இருக்க ரப்பரை வைத்து, கிரைண்டரைப் போல்ட் போட்டு முடுக்கினார். மேலே விளக்கு, பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம். உளி கல்லில் சரியாக ஒரே கோணத்தில் போய்ப் படிவதற்கு ஒரு பிடிமானம். சுவரில் புத்தகத்திலிருந்து எழுதிய அட்டவணை.

உளிகளைச் சாணை பிடித்த அன்று விளக்கைச் சாய்த்துப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். அக்காவின் கிண்ணம் குடையும் உளிகள் பதினொன்று. ஒவ்வொன்றாக முனையின் சரிவை அளந்து பார்த்து உச்சுக் கொட்டினார்.

"அறுபது பாகை. புத்தகத்துல நாப்பதுன்னு போட்டிருக்கு. இடது பக்கம் வேற ரொம்ப இறங்கியிருக்கு. உங்க அக்கா கோணல் மாணலாப் பிடிச்சு வச்சிருக்கா."

"என் அக்கா வேலையில குத்தம் சொல்ல வந்துட்டீங்களாக்கும்!"

"குத்தம் இல்லம்மா. சரி பண்ணிக் கொடுக்கலாம்ல."

பொறி பறந்தது. நான்கு நாள் பிடித்தது. ஒவ்வொரு உளியும் நாற்பது பாகையில், இரு பக்கமும் சமமாக, முகம் பார்க்கலாம் போல வந்தது. அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. அதனால் நானும் வாயை மூடிக்கொண்டு விளக்கைப் பிடித்தேன்.

மகள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேராக ஷெட்டுக்குத்தான் போனாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்பா, இதெல்லாம் நீங்களா செஞ்சீங்க?"

அத்தான் தலையை ஆட்டினார்.

அவள் ஒரு கட்டையை மாட்டினாள், பெரிய உளியை எடுத்தாள், அக்கா மாதிரியே முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். லேத்தைப் போட்டு உளியை உள்ளே கொடுத்தாள். டபார் என்று ஒரு சத்தம். உளி மரத்தைக் கவ்வி, கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து ஷட்டரில் மோதி விழுந்தது. நான் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டிருக்கும். நல்லவேளை, அவள் மேல் படவில்லை.

அவள் லேத்தை நிறுத்திவிட்டு உளியின் முனையை விளக்கில் காட்டிப் பார்த்தாள்.

"யாருப்பா சாணை பிடிச்சது?"

"நான்தான். எல்லாமே நாப்பது. ரெண்டு பக்கமும் சமம்."

அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். "அம்மாவால வலது தோளை அசைக்க முடியாதுப்பா. முனை அறுபதுல மொட்டையா இருந்தா, பிடியை உடம்போட ஒட்டி வச்சே கிண்ணத்தோட அடிவரைக்கும் குடையலாம். கையை வீச வேண்டாம். அதுக்காக அவங்களே யோசிச்சுப் பிடிச்ச சாணை அது. அதைப் பாத்துத்தான் எனக்கும் பழக்கம், அந்த நினைப்புலயே உளியைக் கொடுத்துட்டேன்."

"தோளா?" என்றார் அத்தான். "எப்பலேர்ந்து?"

"ஆறு வருஷம் இருக்கும். கடைசி வரைக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும். அக்கா என்னிடம் தோள் வலியைச் சொல்லியிருக்கிறாள். "அவர்கிட்ட சொல்லேன்க்கா" என்றதற்கு, "சொன்னா என்ன, 'ம்'னுவாரு" என்றாள். உளிக்கும் தோளுக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. ஆனால் தோளைப் பற்றி ஒரு வார்த்தை அவரிடம் என்றைக்காவது சொல்லியிருக்கலாமே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மறுபடி அறுபது ஆக்கிடவா?" என்றார். "இரும்பு இன்னும் நீளம் இருக்கு."

"யாருக்குப்பா? எனக்குத் தோள் நல்லாத்தானே இருக்கு. நாலு நாள்ல கை பழகிடும்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

சொன்னபடியே கை பழகியது. மூன்று கிண்ணம் கடைந்தாள். அத்தான் தினமும் ஷெட் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சாணை மேசைப் பக்கம் போகவில்லை. அவளாகவே சாணை பிடித்துக்கொண்டாள். "இங்கயே இருன்னு சொல்லுங்களேன்," என்று நான் இடித்தேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது," என்றார். நான் சொல்கிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார்.

பத்தாம் நாள் காலையில் பஸ் நிலையம் போனோம். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பியதும் அத்தான் திடீரென்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு எங்கயாவது வலிக்குதாம்மா?"

"என்னப்பா?"

"எங்கயாவது வலிக்குதா?" ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மணிக்கட்டு," என்றாள். "ஒரு வருஷமா."

பஸ் நகர்ந்துவிட்டது. அவர் கம்பியைப் பிடித்தபடி நான்கு எட்டு கூடவே ஓடினார்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வாசல் வந்ததும் நின்றார்.

"எந்தக் கைன்னு கேக்கல."

"போன் போட்டுக் கேளுங்க."

"இப்பவா? பஸ்ல தூங்குவா."

"அத்தான்!" என்று ஒரு அதட்டல் போட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

போனை எடுத்தார். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்தாள் போல.

"எந்தக் கைம்மா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தார்.

"வலதா? அம்மாவுக்கும் வலதுதானே," என்றார். போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் அவளும் வைக்கவில்லை.