ரிப்பேருக்குப் போன கேமராவும் இரவல் வந்த கேமராவும்

விசேஷ வீட்டில் படம் எடுக்கிறவர்களுக்கு மட்டும் 'இன்னொரு தடவை' என்ற சலுகை கிடையாது. சமையல்காரர் சாம்பாரில் உப்புப் போட மறந்தால் கலக்கிவிடலாம். மேளக்காரர் எங்காவது தடுமாறினால் கெட்டிமேளத்தில் அமுக்கிவிடலாம். நாம் கோட்டை விட்டால், "தாலியைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஒருமுறை கட்டுங்க" என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியுமா? இதைப் படிக்கும் சக தொழிலாளிகளுக்கு இது நன்றாகவே தெரியும். நானே பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் தல்லாகுளத்தில் இருக்கிறேன். வளைகாப்பு, காதுகுத்து என்று பெண்கள் கூட்டமாகக் கூடும் இடமெல்லாம் எனக்கு வேலை உண்டு. மதுரையின் பழைய நகரத்துப் பக்கம் சில முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில் என்று இருப்பார்கள். அந்த மாடிக்கு ஆண் போட்டோகிராபர் ஏற முடியாது. அங்கே நான்தான். என் கேமரா படுத்துக்கொண்டபோது நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

கொட்டாம்பட்டியில் நின்ற மூச்சு

கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. ஆசாரி ஒரு காதைப் பிடித்துவிட்டார். சுற்றிலும் சொந்தபந்தமெல்லாம் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நான் பட்டனை அமுக்கினேன். 'டக்' என்று ஒரு சத்தம், திரை கறுத்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். லென்சைக் கழற்றி உள்ளே பார்த்தால், ஷட்டர் பாதி வழியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

அதற்குள் பிள்ளை வீரிட்டு அழ ஆரம்பித்துவிட்டது. கையில் இவ்வளவு பெரிய கேமராவை வைத்துக்கொண்டு போனை எடுக்க எனக்குக் கூச்சம். மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன். தாய்மாமனுக்குப் பொறுக்கவில்லை. "ஏந்தாயி, அந்தப் பொட்டியக் கீழ வச்சுட்டுப் போன எடு தாயி. புள்ள அழுது முடிச்சிரப் போகுது!"

பார்ட் வந்தால் போட்டுவிடுவோம்

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே சர்வீஸ் சென்டர் வாசலில் நின்றேன். உள்ளே இருந்தவர் கேமராவை வாங்கி, மூக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, டாக்டர்கள் நோயாளியின் சொந்தக்காரர்களைப் பார்க்கும் பார்வை ஒன்றைப் பார்த்தார். ஷட்டர் முழுக்க மாற்ற வேண்டுமாம். பார்ட் வெளியூரிலிருந்து வர வேண்டுமாம்.

எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரிய வேலை. பழைய நகரத்து மும்தாஜ் அக்காவின் இளைய மகள் கல்யாணம். அதற்குள் கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டேன், கெஞ்சிக் கேட்டேன், கடைசியில் மிரட்டலாகவும் கேட்டுப் பார்த்தேன். அவர் கோபப்படவே இல்லை. "பார்ட்டு வந்தா உடனே போட்ருவோம் மேடம். வரலேன்னா, வந்ததும் போட்ருவோம்."

மும்தாஜ் அக்கா சொன்ன ஆறுதல்

மும்தாஜ் அக்கா வீட்டில் ஏற்கெனவே மூத்த மகள் கல்யாணத்துக்கும் நான்தான் எடுத்தேன். மாடியில் எடுக்கும் படங்களுக்கு எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மெமரி கார்டுகளைக் கழற்றிப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிடுவேன். ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவது அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து. வெளி ஆம்பளை கண்ணில் ஒரு படம்கூடப் படாது. அந்த நம்பிக்கையில்தான் மாடியில் பெண்கள் முக்காட்டைத் தளர்த்திவிட்டுச் சிரிக்கிறார்கள், கைதட்டிப் பாடுகிறார்கள், என்னை மறந்தே போகிறார்கள். எனக்கு இருக்கும் ஒரே மூலதனம் அதுதான். அது ஒருநாள் கெட்டுப்போனால் அந்தத் தெருக்களில் எனக்கு அப்புறம் யாரும் கதவு திறக்க மாட்டார்கள்.

என் கேமரா ரிப்பேர், வேறு கேமராதான் கொண்டுவருவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்று போன் செய்தேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அவர் அப்படிச் சொல்லியிருந்தால்கூட அன்று ராத்திரி தூங்கியிருப்பேன். அவர் சொன்னது இது: "கேமராவையா பாத்தோம் செல்வி? உன்னையப் பாத்துத்தானே மாடிக்கு ஏத்துறோம். எதையாச்சும் கொண்டுகிட்டு நீ வந்து சேரு."

சிங்கிள் ஓனர்

மாற்றுக் கேமரா தேடும் படலம் ஆரம்பமானது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும், அவசரத்துக்குக் கேமரா தேடுவது வரன் தேடுவதைவிட மோசம். வாடகைக்குக் கேட்டால், முகூர்த்த ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றுகூட மிச்சமில்லை. வேறு கம்பெனி கேமரா ஒன்று கிடைத்தது. ஆனால் என் லென்ஸ் எதுவும் அதில் சேராது. அவர்கள் லென்சையே மாட்டிப் பார்த்தேன். அதில் ஜூம் வளையம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. கிட்டே கொண்டுவர நினைத்தால் ஆள் தூரப் போகிறார். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும் என்று அதை வைத்துவிட்டேன். வீட்டு அலமாரியில் என் முதல் கேமரா இருக்கிறது. ஆனால் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் படமெல்லாம் மணல் தெளித்த மாதிரி ஆகிவிடும். தவிர, அதற்கு ஒரே கார்டு. அந்த ஒன்று செத்தால் கல்யாணமே நடக்காத மாதிரி. எனக்கு ஒவ்வொரு படமும் இரண்டு கார்டில் விழ வேண்டும். இல்லாவிட்டால் வேலைக்கே இறங்க மாட்டேன்.

பழைய கேமரா விற்கும் கடைக்காரர் ஒருவர் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். லென்சை விளக்குக்கு நேரே பிடித்தால் உள்ளே பூஞ்சைக் காளான் கோலம் போட்டிருக்கிறது. "என்னண்ணே இது?" என்றேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "சிங்கிள் ஓனர் மேடம், ஒரு டாக்டர் வச்சிருந்தது. ஒருநாளும் வெளிய எடுத்ததே இல்ல, பீரோவுக்குள்ளயே பத்திரமா வச்சிருந்தாரு."

பாண்டி கொடுத்த தைரியம்

கடைசியில் பாண்டிதான் கை கொடுத்தான். திருமங்கலத்துப் பையன், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், ஆனாலும் எனக்கு என்றைக்கும் பையன்தான். மும்தாஜ் அக்கா வீட்டுக் கல்யாணத்தில் கீழே ஆண்கள் பக்கம் எடுக்கப் போவதும் அவனே. அவனிடம் இரண்டு கேமரா உண்டு. இரண்டாவது, என் கேமரா கம்பெனி. என் லென்ஸ் பொருந்துகிறது, கார்டும் இரண்டு போடலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரை எடுத்தேன், பூனையை எடுத்தேன், இருட்டில் கொடியில் கிடந்த துணியை எடுத்தேன். எல்லாம் சுத்தமாக வந்தது. ஒரு மனிதர் எதையெல்லாம் சோதிக்க முடியுமோ அதையெல்லாம் சோதித்துவிட்டதாக நினைத்தேன்.

இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. போன் செய்து, இதில் நான் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். எங்கேயோ பந்தியில் இருந்தான் போல. வாயில் சோறோடு பதில் வந்தது. "ஒண்ணுமே இல்லக்கா. நீங்க அமுக்குனாப் போதும், மிச்சத்த அதுவே பாத்துக்கும்."

நீல அடையாளம்

ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்தின் மாடி முழுக்க அத்தர் வாசனையும் மல்லிகைப்பூவும். முதலில் தட்டுகளை எடுத்தேன், பேரீச்சம்பழம், பூ, கற்கண்டு. பிறகு பெண்ணின் மருதாணிக் கை. பிறகு கைதட்டிப் பாடும் பெண்கள். கேமரா சொன்னபடி கேட்டது. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

கீழே நிக்காஹ் முடிந்துவிட்டது, இனி மாப்பிள்ளையின் அக்கா வந்து பெண்ணுக்குத் தாலி மாதிரியான கருகமணியைக் கட்ட வேண்டும். எல்லோரும் நகர்ந்து வழி விட்டார்கள். சரியாக அந்த நேரம், திரையின் மூலையில் சின்னதாக ஒரு நீல அடையாளம் விட்டு விட்டு மின்னுவதைப் பார்த்தேன். கேமரா ஒரு போனோடு பேசும் அடையாளம் அது.

இப்போதெல்லாம் மாப்பிள்ளையின் சிநேகிதர்களுக்கு எடுத்த படத்தை அடுத்த நிமிஷமே ஸ்டேட்டஸில் போட வேண்டும். அதற்காகவே நம் ஆட்கள் கேமராவைத் தங்கள் போனோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் போன் இருந்தால், எடுக்க எடுக்கப் படம் தானாகப் போய் விழும். என் வீட்டில் பூனையை எடுத்தபோது பாண்டியின் போன் திருமங்கலத்தில் இருந்தது. இன்றைக்கு எனக்கு நேர் கீழே இருக்கிறது! அதைச் சுற்றி மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் படம் பொறுக்கிக்கொண்டு நிற்பார்கள். மாடியில் இந்தப் பெண்கள் என்னை நம்பிச் சிரித்த சிரிப்பெல்லாம் அங்கே போய் விழுந்திருக்கிறது.

எப்படியோ தேடி அந்த இணைப்பைத் துண்டித்தேன். பாண்டிக்குப் போன் செய்தால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக வருகிறது. கீழே ஓடலாம் என்றால் மாப்பிள்ளையின் அக்கா கருகமணியைக் கையில் எடுத்துவிட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். கட்டும் கை, பெண் குனிந்த கழுத்து, ஓரத்தில் கண்ணைத் துடைத்த அம்மா. எடுத்து முடித்ததும் மும்தாஜ் அக்காவைத் தனியே அழைத்துப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "எத்தனை படம் போச்சுன்னு தெரியலக்கா. யார் பாத்தான்னும் தெரியல" என்றேன்.  அவர் தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே பாண்டியின் போன், அணைத்தபடி.

மேலே பாட்டு நடக்கும்போதுதான் போனைக் கையில் எடுத்த பாண்டிக்கு, முதல் படத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டதாம். சுற்றி நின்றவர்களை விலக்கிவிட்டு, போனை அணைத்து, கைக்குட்டையில் சுற்றி, பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, கையில் கொடுத்து மேலே அனுப்பியிருக்கிறான். திறக்கும் நம்பரையும் சொல்லி அனுப்பியிருக்கிறான். நான் அந்த நீல அடையாளத்தைப் பார்த்துப் பதறியபோது, கேமரா காணாமல் போன போனைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. "அப்ப ஏங்க்கா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன். "கருகமணி கட்டி முடியட்டும்னு இருந்தேன் செல்வி. முன்னாடியே சொன்னா உன் கை நடுங்கும், எம்மக படம் என்னத்துக்காகும்?"

அழிக்கக் கூடாத படம்

இருவரும் மணப்பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனைத் திறந்தோம். முதல் படத்தில் பேரீச்சம்பழத் தட்டு. அணைப்பதற்குள் பின்னால் இன்னும் கொஞ்சம் வந்து விழுந்திருந்தது, மருதாணிக் கையும் பாட்டுக் கூட்டமும். நான் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். கடைசிப் படத்தில் மும்தாஜ் அக்காவே இருந்தார். முக்காடு தோளில் கிடக்க, கை தட்டிக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்பு. அழிக்கப் போன என் விரலைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். "யா அல்லா, நான் இம்புட்டுச் சிரிச்சு எம்புட்டு நாளாச்சு! இத மொதல்ல என் போனுக்கு அனுப்பு, அப்புறம் அழி."

பழத்தின் மேல் ஆணை

மறுநாள் கேமராவைத் திருப்பிக் கொடுக்கத் திருமங்கலம் போனேன். நன்றி சொல்வதா, நாலு அறை விடுவதா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்தேன். பாண்டி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பெண்டாட்டி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கு இருந்த கோபம் அங்கேயே கரைந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்காமலே அவனாகச் சொன்னான். "பேரீச்சம்பழத்தத்தான்க்கா பாத்தேன். எம்புள்ளைக மேல சத்தியமா, பழத்த மட்டுந்தான் பாத்தேன்."

ஆகவே சக தொழிலாளிகளே, இரவல் கேமரா வாங்கும்போது லென்சைப் பாருங்கள், ஷட்டரைப் பாருங்கள், கார்டு இரண்டா என்று பாருங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அது யார் போனோடு சிநேகமாக இருக்கிறது என்றும், அந்தப் போன்காரன் தட்டிலிருக்கும் பழத்தோடு கண்ணை நிறுத்திக்கொள்கிற ஆள்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.